கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, சரி. ஏன் ஏறியது?

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "கிரியேட்டினின் எவ்வளவு?" என்றுதான். 2.1 என்றால் கொஞ்சம் மூச்சு வரும். 5 என்றால் முகம் வாடிவிடும். அடுத்த மாத ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி கூடியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. அந்த எண் முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் அதை யாருமே கேட்பதில்லை. இது எதனால் வந்தது?

கிரியேட்டினின் என்பது நம் தசைகளில் அன்றாடம் உண்டாகும் ஒரு கழிவுப்பொருள். சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் தள்ளுகிறது. வடிகட்டும் வேலை குறைந்தால் அது ரத்தத்தில் தேங்குகிறது. அந்த எண் சொல்லும் சேதி இவ்வளவுதான். தெர்மாமீட்டர் 102 என்று காட்டினால் காய்ச்சல் இருப்பது தெரியும். டெங்குவா, டைஃபாய்டா, மலேரியாவா என்று தெரியாது. கிரியேட்டினினும் அப்படிப்பட்ட ஒரு அளவுகோல்தான்.

மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று பேருக்கும் கிரியேட்டினின் 3. முதலாமவர் எழுபது வயதுக்காரர். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர்ப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு குழாய் போட்டுச் சிறுநீரை வடித்துவிட்டால் சில நாட்களிலேயே எண் இறங்கத் தொடங்கும். இரண்டாவது, இருபத்தாறு வயதுப் பெண். மூட்டு வலி, முடி கொட்டுதல், கூடவே கால் வீக்கம். அவருக்கு லூபஸ். சொந்த உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அதை அடக்கும் மருந்துகளை உடனே தொடங்க வேண்டும். மூன்றாமவருக்கு அறுபத்தைந்து வயது. தீராத முதுகு வலி, ரத்தசோகை. அவருக்கு மைலோமா என்னும் ரத்தப் புற்றுநோய். எண் ஒன்று, நோய் மூன்று, சிகிச்சையும் மூன்று. முதலாமவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தாலோ, இரண்டாமவருக்கு உப்பைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிறுநீரக மருத்துவத்துக்கு உலக அளவில் வழிகாட்டும் கேடிகோ அமைப்பு 2012-இல் ஒரு முறையை வகுத்தது. நாள்பட்ட சிறுநீரக நோயை எழுதும்போது மூன்று விஷயம் வர வேண்டும்: காரணம், வடிகட்டும் திறன், சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தின் அளவு. மூன்றில் முதலில் நிற்பது காரணம். ஆனால் நம் கைக்கு வரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் 'சிகேடி ஸ்டேஜ் 4', அதாவது நாள்பட்ட சிறுநீரக நோய், நான்காம் கட்டம் என்று மட்டும் இருக்கும். அது நோய் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைச் சொல்கிறது. எங்கிருந்து கிளம்பியது என்பதைச் சொல்லவில்லை.

புதுசா, பழசா?

காரணம் தேடும் மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். சிறுநீரகப் பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதற்கு நாள்பட்ட நோய் என்று பெயர். போன வாரம் வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி ஏறிய கிரியேட்டினினும், பத்து வருடமாக மெல்ல மெல்ல ஏறிய கிரியேட்டினினும் ஒன்றல்ல.

இதற்கு மிக நல்ல சான்று வீட்டு பீரோவில் இருக்கும். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்தான் அது. மூன்று வருடத்துக்கு முன் கண்புரை ஆபரேஷனுக்காக எடுத்த ரிப்போர்ட், வேலையில் சேரும்போது எடுத்த மருத்துவச் சான்று, பிரசவத்தின்போது பார்த்த சிறுநீர்ப் பரிசோதனை, எதுவானாலும் சரி. அன்றைக்குக் கிரியேட்டினின் 0.9 ஆக இருந்தது என்று ஒரு மஞ்சள் காகிதம் சொன்னால், எத்தனையோ புதுச் சோதனைகளைவிட அது அதிகம் சொல்லிவிடும். தயவுசெய்து பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்தது வயிற்று ஸ்கேன். வளர்ந்தவரின் சிறுநீரகம் சுமார் 9 முதல் 12 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரண்டும் சுருங்கி எட்டுக்குக் கீழே போய்விட்டால் நோய் பழசு என்று பொருள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. சர்க்கரை நோய், உறுப்புகளில் ஒரு வகைப் புரதம் படியும் அமிலாய்டு நோய், நீர்க்கட்டி நோய் போன்றவற்றில் பாதிப்பு முற்றிய பிறகும் சிறுநீரகம் சுருங்காமலோ பெருத்தோ இருக்கலாம். ஆகவே அளவு இயல்பாக இருப்பதைப் பார்த்து நிம்மதியடைந்துவிட முடியாது. அதுவே ஒரு துப்பு. அடைப்பு இருந்தால் சிறுநீரகம் நீர் தேங்கி வீங்கியிருப்பதும் இதே ஸ்கேனில் தெரிந்துவிடும். வலி இல்லாத, செலவு குறைந்த இந்தச் சோதனை, காரணங்களில் பலவற்றை ஒரே மூச்சில் ஓரம் கட்டிவிடும்.

கோளாறு எந்த இடத்தில் என்பதும் இங்கேதான் பிரிகிறது. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மூன்று இடம் பார்ப்போம்: மேலே வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, மதகு சரியாக இருக்கிறதா, கீழே போகும் வழி அடைத்திருக்கிறதா. சிறுநீரகத்துக்கும் அப்படியே. ரத்த ஓட்டம் குறைவதால் வருவது, சிறுநீரகத்துக்குள்ளேயே நேர்வது, வெளியேறும் பாதை அடைபட்டு வருவது. முதலும் கடைசியும் காலத்தில் பிடிபட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நடுவில் இருப்பதுதான் பெரிய காடு.

ஒரு கரண்டிச் சிறுநீர்

1827-இல் லண்டனின் கைஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த ரிச்சர்ட் பிரைட் என்னும் மருத்துவர், உடம்பில் நீர் கோத்து இறந்தவர்களின் சிறுநீரகங்களை அறுத்துப் பார்த்து எழுதினார். உயிரோடு இருந்தபோது அவர்களின் சிறுநீரைச் சூடாக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது திரள்வதைப் போலத் திரண்டது. ஒரு கரண்டியும் மெழுகுவர்த்திச் சுடரும்தான் அவருடைய ஆய்வுக்கூடம். வீக்கம், சிறுநீரில் புரதம், கெட்டுப்போன சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரு கயிற்றில் கோத்தவர் அவர். அதன் பிறகு வெகுகாலம் சிறுநீரக நோய்க்கே 'பிரைட்டின் நோய்' என்று பெயர் இருந்தது.

இருநூறு வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் காரணம் தேடுவதில் சிறுநீருக்கு இணையான சாட்சி கிடையாது. ஆனால் அதற்குக் கிடைக்கும் மரியாதை குறைவு. ரத்தப் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட, 'யூரின் ரொட்டீன்' சீட்டை மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தத்தில் உள்ள புரதத்தையும் சிவப்பணுக்களையும் அவை வெளியே விடக் கூடாது. சிறுநீரில் நிறையப் புரதம் போனால் (கழிப்பறையில் சோப்பு நுரைபோல் நின்று போகாமல் இருக்கும்) வடிகட்டியில் ஓட்டை என்று ஊகிக்கலாம். ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல் போனால் உடம்பு வீங்கும். காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி உப்பியிருக்கும். மாறாக, புரதம் அவ்வளவாக இல்லாமல் கிரியேட்டினின் மட்டும் ஏறினால், பார்வையை வடிகட்டியை விட்டு அதற்குக் கீழே இருக்கும் நுண்குழல்கள் பக்கமோ ரத்தக் குழாய்கள் பக்கமோ திருப்ப வேண்டும்.

சிவப்பணுக்கள் இன்னும் சுவாரசியமானவை. கல்லாலோ சிறுநீர்ப்பைக் கட்டியாலோ வரும் ரத்தத்தில் அணுக்கள் உருண்டையாக, முழுசாக இருக்கும். வடிகட்டியின் ஓட்டை வழியாக நெருக்கிக்கொண்டு வந்தவை நசுங்கி, ஓரத்தில் கொப்புளம்போல் புடைத்து, உருக்குலைந்து இருக்கும். சில சமயம் நுண்குழலுக்குள்ளேயே அவை உறைந்து, குழலின் அச்சாகவே சிறுநீரில் மிதந்து வரும். அந்தச் சிவப்பணு அச்சு ஒன்று கண்ணில் பட்டால் போதும், வடிகட்டியில் அழற்சி என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். பழுப்பு நிறச் சேற்றுத் துணுக்குகள்போல் அச்சுகள் தெரிந்தால் நுண்குழல்கள் அடிபட்டிருக்கின்றன. இதையெல்லாம் பார்க்கப் புத்தம்புதுச் சிறுநீர் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் கிடந்த பாட்டிலில் அச்சுகள் உடைந்து கரைந்துபோயிருக்கும். இயந்திரம் எண்ணிக் கொடுக்கும் ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல், தானே மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்க்கும் சிறுநீரக மருத்துவர் கிடைத்தால் அது நோயாளியின் நல்ல காலம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் பட்டை, அல்புமின் என்ற புரதத்தைத்தான் முக்கியமாகக் காட்டும். மைலோமாவில் கசிவது வேறு வகைப் புரதம். பட்டையில் ஒன்றுமில்லை என்று வரும். மொத்தப் புரதத்தை அளந்தாலோ நிறைய இருக்கும். வயதானவர், ரத்தசோகை, எலும்பு வலி, கூடவே இந்த முரண்பாடு. அனுபவமுள்ள மருத்துவர் அந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

சொல்லாமல் விட்ட மாத்திரை

என் பெரியப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. கிரியேட்டினின் 2.4 வந்தபோது எல்லாரும், நானும்தான், "சுகரால வந்தது" என்று முடித்துவிட்டோம். இரண்டு இடங்களில் காட்டியும் அதே பேச்சு. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர், "ஐயா, தினமும் என்னென்ன சாப்பிடுறீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். பெரியப்பா சர்க்கரை மாத்திரை, பிபி மாத்திரை இரண்டையும் சொன்னார். "முட்டி வலி இருக்கே, அதுக்கு?" என்று அவர் கேட்டதும், "அது சும்மா வலி மாத்திரைங்க, கடையில வாங்குறது. அதெல்லாம் எதுக்கு கணக்குல?" என்றார். தினம் இரண்டு டைக்ளோஃபெனாக், நான்கு வருடமாக. அதை நிறுத்தி, தண்ணீர்ச் சத்தையும் சரிப்படுத்திய பிறகு எண் 1.7-க்கு இறங்கி அங்கேயே நின்றது. சர்க்கரையின் பங்கும் இருந்திருக்கலாம். ஆனால் நாங்கள் யாரும் கணக்கில் எடுக்காத மாத்திரையின் பங்கு அதைவிடப் பெரிது.

"வேற மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் நம் ஆட்கள் இல்லை என்பார்கள். வலி மாத்திரை, வாயு மாத்திரை, லேகியம், சூரணம், பஸ்பம், உடம்பு இளைக்கப் பொடி, ஜிம்மில் கொடுத்த டப்பா, இதெல்லாம் அவர்கள் கணக்கில் மாத்திரையே இல்லை. வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள்கூடச் சிலருக்குச் சிறுநீரகத் திசுவில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். அரிதுதான், ஆனால் அவற்றை விழுங்குபவர்கள் அவ்வளவு பேர் இருப்பதால் அரிதானதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. மலையாளத்தில் இலும்பன்புளி என்னும் பிலிம்பிக் காயைக் கொழுப்பு குறையும் என்று சாறெடுத்துக் குடித்து, ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தை அடைத்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் கேரளத்தில் உண்டு. சமையலில் நாலு காய் போடுவது வேறு, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு குடிப்பது வேறு.

கேரளத்திலிருந்து வந்த இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் கசியும் மெம்பிரனஸ் வகை நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேரின் திசுவில் நெல்-1 (NELL-1) என்ற அபூர்வமான புரத அடையாளம் இருந்தது. மருத்துவர்கள் அதோடு நிற்கவில்லை. இவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியிருந்தார்கள். அந்த வகைக் கிரீம்களில் பாதரசம். பூசுவதை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது. காரணம் தெரியாமல் சிகிச்சை தொடங்கியிருந்தால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் கடுமையான மருந்துகளை அவர்கள் மாதக்கணக்கில் விழுங்கியிருப்பார்கள், காலையும் மாலையும் கிரீமையும் பூசிக்கொண்டே.

சர்க்கரை என்ற சௌகரியமான பதில்

இந்தியாவில் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு முதல் காரணம் சர்க்கரை நோய்தான், சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவருக்கு வரும் சிறுநீரக நோயெல்லாம் சர்க்கரையால் வந்தது என்று எழுதிவிட முடியாது. சர்க்கரைக்காரருக்கும் லூபஸ் வரும், கல் வரும், மைலோமா வரும்.

சர்க்கரையால் வரும் பாதிப்புக்கு ஒரு நடை உண்டு. பொதுவாகப் பல வருடம் கழித்து, முதலில் மிகச் சிறிய அளவில் அல்புமின் கசிந்து, பிறகு அது கூடி, அப்புறம்தான் கிரியேட்டினின் ஏறும். எல்லாம் நிதானமாக நடக்கும். கண்ணின் விழித்திரையிலும் அதே நேரத்தில் பாதிப்பு தெரிவது வழக்கம். அதனால்தான் சிறுநீரக மருத்துவர் கண் டாக்டரிடம் அனுப்புகிறார். பலர் இதை வீண் அலைச்சல் என்று நினைத்துப் போகாமல் விட்டுவிடுகிறார்கள். அது காரணம் தேடும் வேலையின் ஒரு பகுதி. விழித்திரை சுத்தமாக இருந்தால் சர்க்கரை காரணமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் சந்தேகம் எழ வேண்டும். சர்க்கரை வந்து இரண்டே வருடம், சிறுநீரில் உருக்குலைந்த சிவப்பணுக்கள், சில வாரங்களில் இரட்டிப்பான கிரியேட்டினின், திடீரென்று கொட்டத் தொடங்கிய புரதம், இவற்றில் ஏதாவது இருந்தால் வேறு நோயைத் தேட வேண்டும். அப்படிச் சந்தேகப்பட்டுத் திசு எடுத்துப் பார்த்த சர்க்கரை நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு வேறு நோயும் இருப்பது பல நாடுகளில் தெரியவந்திருக்கிறது.

பிபி விவகாரம் இன்னும் சிக்கல். உயர் ரத்த அழுத்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; கெட்ட சிறுநீரகம் ரத்த அழுத்தத்தை ஏற்றும். இரண்டும் ஒன்றாகப் பிடிபடும்போது எது முதலில் வந்தது? முப்பது வயது இளைஞருக்கு 180/110 இருந்து கிரியேட்டினின் 4 இருந்தால், "பிபியால கிட்னி போச்சு" என்பதைவிடக் கிட்னியால் பிபி வந்தது என்பதற்கே வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் சிறுநீரகச் செயலிழப்புக்குப் பல பத்தாண்டுகளாக ரத்த அழுத்தமே காரணம் என்று எழுதிவந்தார்கள். 2010-இல் ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமியிடமிருந்து காப்பாற்றும் அந்த வடிவங்கள், இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் சிறுநீரக நோய்க்கு வாய்ப்பைப் பலமடங்கு கூட்டுகின்றன. ரத்த அழுத்தம் என்று எழுதப்பட்ட பலருடைய நோய்க்கு அடியில் இந்த மரபணு இருந்திருக்கிறது. இது மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கதை, நமக்கு நேரடித் தொடர்பு கிடையாது. இருந்தாலும் ஒரு லேபிள் ஒட்டியதும் தேடல் நின்றுபோகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

ரத்தம் சொல்வது

காரணம் தேடும் ரத்தப் பரிசோதனைகளின் பட்டியல் நீளம், எல்லாருக்கும் எல்லாம் வேண்டியதில்லை. லூபஸ் சந்தேகத்துக்கு ஏஎன்ஏ, டிஎஸ்டிஎன்ஏ, காம்ப்ளிமென்ட் சி3, சி4. சைனஸ் தொல்லை, இருமலில் ரத்தம், மூட்டு வலி என்று இருந்தால் ரத்தக் குழாய் அழற்சியைத் தேடும் ஆங்கா. மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி கிருமிகளும் வடிகட்டிகளைப் பாதிக்கும், அதனால் அவையும். வயதானவருக்கு மைலோமாவைத் தேடும் புரத எலக்ட்ரோஃபோரசிஸ். பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து ஒன்றிரண்டு வாரம் கழித்தோ, சிரங்கு வந்து இன்னும் சில வாரம் கழித்தோ சிறுநீர் கோலா நிறத்தில் போனால், கிருமித் தொற்றுக்குப் பின் வரும் அழற்சி. அதில் சி3 குறைந்து, பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் தானே ஏறிவிடும். தொண்டை வலி வந்த அதே ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் சிவந்தால் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வடிகட்டிகளில் படியும் ஐஜிஏ நோயைச் சந்தேகிப்பார்கள். வித்தியாசம் வெறும் பத்து நாள். அதனால்தான் "எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்கும்போது "கொஞ்ச நாளா" என்று சொல்லாமல் தேதியை நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும்.

சில வாரங்களுக்குள் சிறுநீரகத்தைத் தின்றுவிடும் வகை ஒன்று உண்டு. கிரியேட்டினின் வாரத்துக்கு வாரம் எகிறும், சிறுநீரில் ரத்தமும் புரதமும் இருக்கும். இங்கே நாளெல்லாம் இல்லை, மணிக்கணக்குதான். "அடுத்த மாசம் வாங்க" என்று யார் சொன்னாலும் கேட்காமல் அன்றே சிறுநீரக மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஊசி முனைத் திசு

பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் வீடே நடுங்கும். புற்றுநோயா என்பார்கள், ஊசி குத்தினால் கிட்னி போய்விடும் என்பார்கள். சிறுநீரக பயாப்ஸி பெரும்பாலும் புற்றுநோய் தேடுவதற்கானது அல்ல. குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் நூல் மாதிரி இரண்டு துண்டு எடுப்பார்கள். பத்து லட்சம் வடிகட்டிகளில் பத்திருபது போகும், அவ்வளவுதான். அதற்கு முன் பிபியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மருந்துகளை நிறுத்தி, ரத்தம் உறையும் தன்மையைச் சரிபார்ப்பார்கள். பிறகு சில மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். சிலருக்குச் சிறுநீர் ஒரு நாள் சிவப்பாகப் போகும். ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போவது நூறு பேரில் ஒருவர் இருவருக்கு. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தெரியாத நோய்க்கு மருந்து சாப்பிடும் ஆபத்தோடு வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

அந்த நூலை மூன்று விதமாகப் பார்ப்பார்கள்: சாதாரண மைக்ரோஸ்கோப், ஒளிரும் சாயம் பூசிப் பார்ப்பது, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப். உலகத்தில் பரவலாக இருக்கும் ஐஜிஏ நோயை 1968-இல் பாரிஸில் ழான் பெர்ஜே கண்டுபிடித்ததே அந்த ஒளிரும் சாயத்தால்தான். எத்தனையோ பேரின் சிறுநீரகத்தில் அது அதற்கு முன்பும் இருந்தது. சாயம் இல்லாததால் பெயர் இல்லை.

எல்லாருக்கும் பயாப்ஸி தேவையா என்றால் இல்லை. சின்னப் பிள்ளைக்குத் திடீரென்று முகமும் காலும் வீங்கிப் புரதம் போனால் முதலில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதிலேயே நின்றுவிடும். மெம்பிரனஸ் நோயில் 2009-இல் கண்டறிந்த பிஎல்ஏ2ஆர் எதிர்ப்பொருள் ரத்தத்திலேயே தெளிவாகத் தெரிந்தால் சிலருக்கு ஊசி தேவைப்படாது. சிறுநீரகம் சுருங்கி வடுவாகிவிட்ட பிறகு குத்தினால் வடுதான் வரும். எரிந்து சாம்பலான வீட்டில் தீ எந்த அறையில் தொடங்கியது என்று சொல்ல முடியாதல்லவா? காரணத்தை ஆரம்பத்திலேயே தேடச் சொல்வது இதனால்தான்.

பதில் கிடைக்காதபோது

இந்தியச் சிறுநீரக நோய்ப் பதிவேடு 2012-இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் சர்க்கரை 31 சதவீதம். இரண்டாவது இடத்தில், 16 சதவீதத்தோடு நின்றது 'காரணம் தெரியவில்லை' என்பது. அந்த 16-இல் கடைசிக் கட்டத்தில் வந்ததால் தேட வாய்ப்பே கிடைக்காதவர்கள் உண்டு. தேடியும் கிடைக்காதவர்களும் உண்டு.

இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை பக்கத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் சர்க்கரையோ பிபியோ இல்லாமல் நடுவயதிலேயே சிறுநீரகம் கெடுவது பல வருடமாகத் தெரிந்த விஷயம். புரதம் அதிகம் போகாது, வீக்கம் இருக்காது. நுண்குழல்களும் சுற்றுத்திசுவும் சத்தமில்லாமல் வடுவாகும். வெயிலில் உடல் வற்றிப்போகும் உழைப்பு, பூச்சிமருந்து, கிணற்றுநீரின் கடினமும் ஃபுளோரைடும், உலோகங்கள் என்று பல சந்தேகங்கள் இருக்கின்றன. ஒன்றும் முடிவாகவில்லை.

முடிவாகும் என்று நான் நம்புவதற்குக் காரணம் பால்கன் கிராமங்கள். டான்யூப் ஆற்றின் கிளைநதிகளையொட்டி பல்கேரியா, செர்பியா, ருமேனியா, குரோஷியா ஊர்களில் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் கெடுவதை 1950-களில் எழுதிவைத்தார்கள். காரணம் பிடிபடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில், ஓர் எடைக்குறைப்பு மையத்தில் சீன மூலிகை சாப்பிட்ட இளம்பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதில் பெயர் ஒத்த வேறு மூலிகை கலந்திருந்தது. அது அரிஸ்டலோக்கியா இனம். அந்தப் பெண்களின் திசு, பால்கன் விவசாயிகளின் திசுவைப் போலவே இருந்தது. கோதுமை வயலில் அதே இனத்துக் களை முளைத்து, அதன் விதை மாவோடு அரைபட்டு, ரொட்டியாக வயிற்றுக்குள் போயிருக்கிறது. நோயாளிகளின் மரபுப்பொருளில் அந்தச் செடியின் நஞ்சான அரிஸ்டலோக்கிக் அமிலத்தின் தடம் இருப்பதை 2007-இல் காட்டினார்கள். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே இனம்தான், இதே அமிலம் அவற்றிலும் உண்டு. ஆடு தீண்டாததை நாம் நாட்டு மருந்தென்று அரைத்துக் குடிக்க வேண்டாம்.

மரபணுச் சோதனை இப்போது இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களைப் படித்தார்கள். சுமார் 9 சதவீதம் பேருக்கு ஒற்றை மரபணுக் கோளாறு தெரிந்தது. காரணம் தெரியாது என்று ஒதுக்கப்பட்டவர்களில் அது 17 சதவீதம். குடும்பத்தில் இரண்டு பேருக்கு இருந்தால், இளவயதில் வந்தால், காது மந்தமோ கண் கோளாறோ சேர்ந்திருந்தால் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

"எப்படியும் டயாலிசிஸ்தான், இனிமேல் காரணம் தெரிந்து என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் வைக்கும் நாள் வந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். பிறவி ஆக்சலேட் நோயில் கோளாறு கல்லீரலில் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் புதிதும் படிகத்தால் அடைபடும். சில வகை வடிகட்டி நோய்கள் புதுச் சிறுநீரகத்தில் சில நாட்களிலேயே திரும்பி வரும். நீர்க்கட்டி நோய் என்றால் கொடுக்க வரும் தம்பிக்கும் அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இளவயதில் ஸ்கேன் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது.

நம் ஊரில் மகனுக்குச் சிறுநீரகம் கொடுக்க முதலில் முன்வருவது பெரும்பாலும் அம்மாதான். மகனுக்கு இருப்பது சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும் ஆல்போர்ட் என்ற பரம்பரை நோய் என்றால், காது கொஞ்சம் மந்தமான அந்தப் பையனுக்கு அந்த மரபணு அம்மாவிடமிருந்தே வந்திருக்கலாம். அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்காது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மிச்சம் ஒன்றோடு அவர் முப்பது வருடம் வாழ வேண்டும். ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன் அந்த அம்மாவின் சிறுநீரில் ஒரு துளியை யாராவது மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, சிவப்பணு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.